வெறுங்கால் நடை தவமாகுமா?

நம் இல்லங்களில் வெறுங்காலுக்கென ஒரு மதிப்பு உண்டு. முனிவர் பாதத்தில் ஏதும் அணியார். ஜினாலயத்துள் நுழைவோர் மிதியடியை வாயிலிலேயே களைவர். மலைமீது எழுந்தருளியுள்ள தீர்த்தங்கரரைத் தொழச் செல்வோர் அடிவாரத்திலிருந்தே வெறுங்காலுடன் ஏறுவர். பொன்னூர் மலையில் குந்தகுந்தாசாரியரின் பாதச் சுவடுகளை வணங்கி வருகிறோம். திருக்குறளின் முதல் அதிகாரத்தில் உள்ள பத்துக் குறள்களில் ஏழு, இறைவனின் அடியையோ தாளையோ போற்றுகின்றன. திருவடியை இத்துணை உயர்வாகக் கருதும் மரபில் வந்த நாம், நம் சொந்த உள்ளங்காலை என்றேனும் திருப்பிப் பார்த்ததுண்டா?

இக்கேள்வி வேடிக்கைக்காகக் கேட்கப்படுவதன்று. நீரிழிவு இன்று நம் குடும்பங்களில் விருந்தினர்போல் வந்து வீட்டாராகவே தங்கிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடியே 10 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. அவர்களுள் பலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்லப் பாதத்தின் உணர்ச்சி குன்றுகிறது. அத்தகையோர்க்கு மருத்துவர் கூறும் முதல் அறிவுரை, "வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடவாதீர்" என்பது.

இங்கேதான் நம் முதியோர் தயங்குகின்றனர். "உடம்பு வேறு, உயிர் வேறு என்று கற்ற நாம், அழியும் உடம்பின் கடைக்கோடிக்கு இத்தனை உபசாரம் செய்யலாமா? வெறுங்கால் நடை நோன்பன்றோ? அதை விடுவது உடற்பற்று ஆகாதோ?" என்கின்றனர். இத்தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. அதற்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. அதை நேர்மையாக ஆராய்வது நம் கடமை.

பாதத்தில் நிகழ்வது என்ன?

குருதியில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் நரம்புகள் நலிகின்றன. உடலில் மிக நீண்ட நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. ஆகையால் நலிவு அங்கேதான் முதலில் தோன்றும். சிலர்க்கு எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் வரும். சிலர்க்கு மதமதப்பு வரும். பலர்க்கோ எந்த அறிகுறியும் இன்றியே உணர்ச்சி மெல்ல விடைபெற்றுக்கொள்ளும். வியர்வை குன்றுவதால் தோல் வறண்டு பித்தவெடிப்பு உண்டாகும். பாதத்தின் சிறு தசைகள் வலுவிழப்பதால் விரல்கள் வளைந்து, உள்ளங்காலின் சில இடங்களில் மட்டும் உடற்பாரம் அழுந்தும். அவ்விடத்தில் தோல் தடித்துக் காய்ப்பாகும். காய்ப்பின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் புண் உருவாகும். குருதிக் குழாய்களும் குறுகியிருந்தால் அப்புண் ஆறுவது அரிது. அதில் கிருமி சேர்ந்தால், ஒரு முள் குத்தியதில் தொடங்கிய கதை விரலையோ காலையோ அகற்றுவதில் முடியலாம்.

நலமுள்ள பாதம் நம்மை ஒவ்வொரு கணமும் காத்துக்கொண்டே இருக்கிறது. செருப்புக்குள் சிறு கல் புகுந்தால் நின்று உதறுகிறோம். ஓரிடம் வலித்தால் நொண்டி நடந்து அவ்விடத்துக்கு ஓய்வு தருகிறோம். இவை நாம் எண்ணிச் செய்வன அல்ல, வலி செய்விப்பன. அந்த வலி நீங்கிய பாதம் காவலாளி இல்லாத வீடு. கல் உறுத்திக்கொண்டே இருக்கும். அவர் நாள் முழுதும் நடந்துகொண்டே இருப்பார். செருப்பு கழன்று விழுந்ததைக்கூட அறியாமல் சாலையில் வெகுதூரம் சென்றுவிடுவோர் உண்டு. உறக்கத்தில் எலி கடித்ததை மறுநாள் காலையில் குருதிக் கறை கண்டு அறிந்தோரும் உண்டு.

வேலூர் தந்த பாடம்

இவ்வுண்மையை உலகுக்கு விளங்கச் செய்த ஆராய்ச்சி நம் வட ஆர்க்காட்டு மண்ணில் நிகழ்ந்தது என்பது பலர் அறியாதது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் நம்பினர். அவரும் அவருடன் பணிபுரிந்தோரும் நோயாளரின் அன்றாடச் செயல்களைப் பொறுமையுடன் கவனித்தனர். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுப்பதும், ஆணி குத்திய காலோடு நடப்பதும், புண்ணைப் புண் என்று உணராமல் மீண்டும் மீண்டும் மிதிப்பதுமே உறுப்புகளை அழிக்கின்றன என்று கண்டனர். வலி இல்லாமையே அழிவுக்கு வாயில் என்பது அவர்தம் முடிவு.

வேலூரிலும், அருகே 1955இல் தொடங்கப்பெற்ற கரிகிரி தொழுநோய் நிலையத்திலும், நுண்ணறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரால் செருப்புகள் செய்து நோயாளர்க்கு அளித்தனர். இன்று "எம்.சி.ஆர். செருப்பு" என்று கடைகளில் நாம் கேட்பது அதுவே. பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின், அதே பாடம் நீரிழிவு நோயாளரின் பாதங்களுக்கும் பொருந்தும் என்பதை அங்கே எடுத்துக்காட்டினார். வலியை ஒரு கொடை என்று போற்றி 1993இல் நூலும் எழுதினார். 2003இல் மறைந்த அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் அவர் கண்ட உண்மை, நாம் எழுப்பிய அறக்கேள்விக்குத் திறவுகோலாக அமைகிறது.

தாங்குதலும் அறியாமையும்

துறவியர் தாங்க வேண்டிய பரீஷகங்கள் 22 என்று நம் ஆகமங்கள் கூறும். அவற்றுள் நடத்தலால் வரும் துன்பமும், புல்லும் முள்ளும் தைத்தலால் வரும் துன்பமும் உள்ளன. முனிவரின் காலில் முள் தைக்கிறது. அவர் அதை உணர்கிறார். உணர்ந்தும் வெகுளாது, மனம் கலங்காது பொறுக்கிறார். அப்பொறுமையே தவம். தவத்தின் இடம் பாதம் அன்று, மனம்.

உணர்ச்சியற்ற பாதத்தில் முள் தைக்கும்போது என்ன நிகழ்கிறது? அவர் உணரவில்லை. உணராததால் பொறுக்கவும் இல்லை. பொறுக்க ஏதுமில்லாத இடத்தில் பொறுமை எங்ஙனம் பிறக்கும்? பசியே இல்லாதவர் உண்ணாதிருப்பதை உபவாசம் என்போமா? உறங்குபவர் பேசாதிருப்பதை மௌன விரதம் என்போமா? அவ்வாறே, மரத்துப்போன காலுடன் வெறுந்தரையில் நடப்பது வெளித்தோற்றத்தில் தவம் போன்றிருப்பினும், உள்ளே தவத்தின் உயிர் இல்லை.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. வெறுங்காலுடன் செல்லும் அதே முனிவர், இரியா சமிதியைப் பேணி, நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கியே அடி வைக்கிறார். அவருடைய வெறுங்கால் நடையும் விழிப்பும் ஒன்றையொன்று பிரியாதவை. நாம் அவ்விழிப்பை விட்டுவிட்டு வெறுங்காலை மட்டும் எடுத்துக்கொண்டால், நோன்பின் பாதியை அன்று, அதன் நிழலையே எடுத்துக்கொண்டவர் ஆவோம்.

உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் இம்சையை விளக்கும்போது, பிரமாதம் என்னும் அசட்டையையே அதன் வேராகக் காட்டுகிறது. பிற உயிர்க்குச் செய்வது மட்டுமா இம்சை? தன் உயிரும் உயிரன்றோ? காக்கக்கூடிய பாதத்தை அசட்டையால் அழுகவிடுவதும் அவ்வேரிலிருந்து முளைப்பதே. உடலைத் துறத்தற்கும் நம் நெறியில் முறை உண்டு. அது முழு அறிவோடு, விழிப்போடு, ஆசாரியர் இசைவோடு ஏற்கப்படுவது. அறியாமலே ஓர் உறுப்பை இழப்பதற்கும் அதற்கும் உறவில்லை.

ஒரு சித்திரைத் திங்களில்

எம் உறவினருள் ஓர் அம்மையார் நீரிழிவுடன் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து வந்தார். சித்திரைத் திங்களில் மலைக்கோயிலுக்குச் சென்று, உச்சிப்பொழுதில் வெறுங்காலுடன் பாறைப் படிகளில் இறங்கி வந்தார். உடன் வந்த பேரக்குழந்தைகள் சூடு தாளாமல் குதித்து ஓடினர். அம்மையாரோ நிதானமாக நடந்தார். கண்டோர் வியந்து, "இதுவன்றோ பக்தி!" என்றனர். அன்றிரவு படுக்கை விரிப்பில் ஈரக் கறையைக் கண்ட மருமகள், உள்ளங்காலில் கொப்புளம் உடைந்திருப்பதைப் பார்த்துப் பதறினார். "வலிக்கவே இல்லையே, இதற்கு ஏன் வைத்தியம்?" என்று அம்மையார் கூறிவிட்டார். வீட்டில் மற்றொருவர், "நோன்பில் வந்த புண் நோன்பினாலேயே ஆறும்" என்றார். மூன்று வாரங்கள் கழிந்தபின் மருத்துவரிடம் சென்றபோது, இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று.

பின்னர் யாம் அவரைக் காணச் சென்றபோது அவர் சொன்ன ஒரு சொல் மறக்கற்பாலதன்று. "வலித்திருந்தால் நான் மிதித்தே இருக்கமாட்டேனே, அக்கா" என்றார். அவரே அறியாமல் முழு உண்மையையும் அவ்வொரு சொல்லில் வைத்துவிட்டார். சூட்டை உணர்ந்திருந்தால் அவர் நிழலில் அமர்ந்து, மாலையில் இறங்கியிருப்பார். அவர் அன்று சூட்டைப் பொறுக்கவில்லை; சூடு அவருக்குத் தெரியவில்லை. வியந்து போற்றிய நாமெல்லாம் ஒரு நோயின் அறிகுறியைப் பக்தி என்று எண்ணிப் புகழ்ந்திருக்கிறோம். இதில் குற்றம் அம்மையாருடையது மட்டுமன்று. பார்த்திருந்த சுற்றத்தாருக்கும் பங்குண்டு.

சக்திக்கு ஏற்ப

அங்ஙனமாயின் நீரிழிவுடையோர் யாத்திரையையும் நோன்பையும் விட்டுவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. சோடசகாரண பாவனைகள் பதினாறனுள் தியாகத்தையும் தவத்தையும் கூறுமிடத்தில், "சக்திக்கு ஏற்ப" என்னும் அளவையும் சேர்த்தே நம் ஆசாரியர் கூறியுள்ளனர். இச்சலுகை சோம்பலுக்காகத் தரப்பட்டதன்று; தன் ஆற்றலைத் தானே அறிந்திருக்க வேண்டும் என்னும் கட்டளை அது.

சிரவணபெளகொளாவில் விந்தியகிரியின் 600க்கும் மேற்பட்ட படிகளைக் காலணியின்றியே ஏற வேண்டும். அங்கே பாறையின் சூட்டுக்காகக் காலுறை அணிந்து ஏறுவோரை எவரும் கடிந்துகொள்வதில்லை. உணர்ச்சி குன்றியோர் விடியற்பொழுதில் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். ஆலயத்துக்கென்றே துவைத்துத் தனியே வைத்த தடித்த பருத்திக் காலுறையை அணியலாம். நம் ஊர் ஆலயங்களில் இதற்கு இசைவு உண்டா என்று நிருவாகத்தாரைக் கேட்டறியலாம். நடக்கவே கூடாத அளவுக்குப் புண் உள்ளவர் அடிவாரத்தில் அமர்ந்து மனத்தால் வலம் வரலாம். பாவனையே பயன் தருவது என்பது நாம் அறிந்ததே.

ஆலய நிருவாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். வெயிற்காலத்தில் திருச்சுற்றில் கயிற்றுப் பாய் விரிப்பதும், நடைபாதைக்கு வெள்ளை பூசுவதும், காலணியைக் களைந்து அணிய வாயிலில் ஒரு திண்ணையோ நாற்காலியோ இடுவதும் பெருஞ்செலவு ஆகாதவை. அவையும் ஜீவதயையே.

தோலின்றிக் காலணி

"காலணி என்றால் தோல் அன்றோ?" என்பது அடுத்த தடை. இத்தடை இன்று எளிதில் நீங்கக்கூடியது. பாதத்துக்குப் பாதுகாப்பு தருவது மேலே உள்ள தோல் அன்று, உள்ளே உள்ள மெத்தையே. எம்.சி.ஆர். ரப்பர் மெத்தையும், ரெக்சினாலோ துணியாலோ ஆன பட்டையும் கொண்ட காலணிகள் கிடைக்கின்றன. சொல்லிச் செய்விக்கவும் கூடும். வாங்கும்போது பட்டை, உட்புறம், ஒட்டு ஆகிய மூன்றையும் விசாரித்து அறிய வேண்டும்.

காலணியின் இலக்கணம் இது. உள்ளங்கால் பகுதி மெத்தென்றும், அடிப்பகுதி முள்ளும் ஆணியும் ஊடுருவாதவாறு உறுதியாகவும் இருத்தல் வேண்டும். முன்புறம் விரல்கள் நெருங்காதபடி அகன்றிருத்தல் வேண்டும். குதிகாலின் பின்னே பட்டை இருத்தல் வேண்டும். இல்லையேல் கழன்று விழுவது தெரியாது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே வார் செல்லும் செருப்பு ஆகாது. அது விரலிடுக்கை அறுக்கும். ஆணி அடித்த காலணி அறவே கூடாது. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அப்போது அளவு பார்த்து வாங்க வேண்டும். புதிய காலணியை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அணியாமல், கழற்றிப் பார்த்துத் தோல் சிவந்துள்ளதா என்று அறிந்து, சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் அணியுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையால் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளே ஒளிந்துள்ள சிற்றுயிரும் இதனால் பிழைக்கும். நம் பாதமும் பிழைக்கும்.

இல்லத்தார் கற்பிக்கும் முறை

யாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் கற்ற பாடம் ஒன்று உண்டு. சொல்லியது எல்லாம் கற்பித்தது ஆகாது. கற்பவர் செய்து காட்டிய பின்னரே அது கற்பித்தல் ஆகும். மருத்துவமனையில் ஐந்து நிமிடத்தில் கேட்ட அறிவுரையை முதியவர் வீடு சேருமுன் மறந்துவிடுவது இயல்பு. ஆகவே வீடே பள்ளியாக வேண்டும்.

முதலில் தேர்வு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர் வகுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. முதியவரைக் கண்மூடி அமரச் செய்து, இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகிய ஆறு நுனிகளையும் நம் சுட்டுவிரலால் ஒன்றிரண்டு நொடிகள் மெல்லத் தொட வேண்டும்; அழுத்தலாகாது. தொட்டதும் அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாவிடில், உணர்ச்சி குன்றியுள்ளது என்று கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையாலும் இசைக்கவையின் அதிர்வாலும் உறுதி செய்வார். நீரிழிவு உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இப்பரிசோதனை செய்துகொள்ளல் நன்று.

அடுத்து நாட்கடன். இரவில் வடிகட்டிய நீரால் பாதம் கழுவி, விரலிடுக்குகளை மெல்லிய துணியால் ஒற்ற வேண்டும். வெந்நீராயின் அதன் சூட்டை உணர்ச்சியுள்ள மற்றொருவர் கையால் பார்த்த பின்னரே கால் வைக்க வேண்டும். வெளிச்சத்தில் உள்ளங்காலையும் குதிகாலையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம்; கண் மங்கியவர்க்கு வீட்டார் பார்க்க வேண்டும். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் மட்டும் தடவலாகாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும். காய்ப்பையும் கால் ஆணியையும் பிளேடால் சீவுவதும், மருந்துப் பட்டை ஒட்டிக் கரைக்க முயல்வதும் கேடு விளைக்கும். குளிர்காலத்தில் வெந்நீர்ப்பை ஒத்தடம் ஆகாது. புகை பிடிப்பவர் அதை விட்டொழிக்க வேண்டும். கொப்புளமோ புண்ணோ கண்டால் மஞ்சளோ காப்பித்தூளோ அப்பிக் காத்திராமல் அன்றே மருத்துவரை நாட வேண்டும். புண் இன்றியே ஒரு பாதம் சிவந்து, சூடாகி, வீங்கினாலும், வலி இல்லையே என்று இராமல் அவ்வாறே செய்ய வேண்டும்.

இப்பணியைப் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைப்பது சிறப்பு. பத்து வயதுப் பிள்ளை இரவில் தாத்தாவின் பாதத்தை விளக்கொளியில் பார்த்து, "இன்று ஒன்றுமில்லை தாத்தா" என்று சொல்லக் கற்கட்டும். நோயுற்ற துறவியர்க்குச் செய்யும் பணிவிடையை வையாவிருத்தியம் என்று அகத்தவங்களுள் ஒன்றாக நம் நூல்கள் வைத்தன. இல்லத்து முதியோரின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளை அத்தவத்தின் முதல் பாடத்தைக் கற்கிறது. முதியோரும், பிள்ளைகளுக்குத் தொல்லை எதற்கு என்று மறைத்தலாகாது. மறைத்த புண்ணே பின்னர்ப் பெருந்தொல்லையாய் முடியும்.

வினையும் முயற்சியும்

காலை இழந்தவரைக் கண்டு, "அவர் வினை" என்று கூறி நகர்ந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. நோய்க்கு வேர் முன்வினையாக இருக்கலாம். ஆனால் இன்று அவர் பாதத்தில் தைத்த முள்ளைப் பார்ப்பதும் பாராதிருப்பதும் இன்றைய செயல். அது இன்றைய வினை. வினைக்கொள்கை முயற்சியை மறுக்கவில்லை. முயற்சி உள்ளதனாலேயே வீடுபேறு கூடும் என்கிறது. ஆகவே உறுப்பிழந்தவரிடம் நாம் காட்ட வேண்டியது பழியன்று, கைத்துணை. இன்னும் இழக்காதவரிடம் காட்ட வேண்டியது விழிப்பு.

பற்று எது, பேணுதல் எது என்று பிரித்தறிய ஓர் எளிய அளவுகோல் கூறலாம். உடல் அழகுற வேண்டும், பிறர் மதிக்க வேண்டும் என்று செய்வது பற்று. அறம் செய்யும் கருவி பழுதாகாதிருக்கச் செய்வது பேணுதல். ஆலயத்துக்கு நடத்தற்கும், காயோத்சர்க்கத்தில் நிற்றற்கும், நோயுற்ற அயலார் வீட்டுக்கு ஓடிச் செல்லுதற்கும் பாதம் வேண்டும். ஏட்டுச் சுவடியைப் பூச்சி அரிக்காமல் துணியில் பொதிந்து வைத்த முன்னோர் ஓலையின்மீது பற்றுக்கொண்டவர் அல்லர். அதில் உள்ள பொருளைக் காத்தவர்.

எனவே, உணர்ச்சி குன்றிய பாதத்தோடு வெறுங்காலில் நடப்பது தவம் அன்று என்பதே எம் துணிபு. அவர்க்குரிய தவம் வேறு. இரவுதோறும் விளக்கேற்றி, சலியாமல், ஒரு நாளும் விடாமல் இரு பாதங்களையும் பார்ப்பது, காலணி அணிய நாணாதிருப்பது, புண்ணை மறையாதிருப்பது. இவை எளியவை போல் தோன்றும். ஓராண்டு தவறாமல் செய்து பார்ப்போர்க்கு இதுவும் ஒரு நோன்பே என்பது விளங்கும்.

அன்பர்கள் இவ்விதழை மூடிவைத்ததும், வீட்டில் உள்ள பெரியவரின் பாதங்களை இன்றிரவே ஒரு முறை பார்ப்பார்களாக.

அறம் வளர்க!